அழகியல் படிக்க ஆரம்பிக்கிறவங்க பண்ற தப்புகள் (முக்கியமா ஒண்ணு)

புதுசா அழகியல், அதாவது அழகு, கலை, ரசனை பத்தின தத்துவம், படிக்க வர்றவங்களோட உக்காந்து பேசும்போதெல்லாம், அட இது நாம அன்னைக்கு அடிச்ச அதே கூத்துதானேன்னு தோணும். பேரை மாத்தி சொல்றது, வருஷத்த குழப்புறது இதெல்லாம் விட்டுடலாம், போகப்போக தானா சரியாயிடும். தானா சரியாகாத சிலது இருக்கு.

"ரசனை அவங்கவங்க இஷ்டம்"

இன்னைக்கும் எனக்கு கடுப்பேத்துறது இதுதான். பேச்சு சூடு பிடிக்கிற நேரம் பாத்து யாராச்சும் "எனக்கு புடிச்சிருக்கு, உனக்கு புடிக்கல, அவ்ளோதானே, இதுல பேச என்ன இருக்கு"ன்னு சொல்லிட்டு பெரிய ஞானி மாதிரி சாஞ்சு உக்காந்துக்குவாங்க. கேக்க பெருந்தன்மையாத்தான் இருக்கும், ஆனா அந்த ஒரு வரியில மொத்த துறைக்கும் பூட்டு போட்டாச்சு.

ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1790லயே இத பிரிச்சு வெச்சுட்டார். ஒயின் நல்லாருக்குன்னு ஒருத்தன் சொன்னா "உனக்கு நல்லாருக்குன்னு சொல்லு"ன்னு திருத்தலாம், அவனும் சரிம்பான். ஆனா ஒரு கட்டடத்தையோ கவிதையையோ காட்டி "இது எனக்கு மட்டும் அழகு"ன்னு சொன்னா சிரிப்பாத்தான் இருக்கும்ங்கிறார். அழகுன்னு சொல்லும்போதே நீயும் ஒத்துக்கணும்ங்கிற எதிர்பார்ப்பு அதுக்குள்ள இருக்கு. அத நிரூபிக்கவும் முடியாது, எதிர்பாக்காம இருக்கவும் முடியாது, சிக்கலே அங்கதான்.

அவருக்கு முன்னாடி 1757ல ஸ்காட்லாந்து தத்துவவாதி ஹ்யூம், செர்வான்டிஸோட 'டான் குயிக்சோட்' நாவல்ல இருந்து ஒரு கதைய எடுத்து சொல்றார். அதுல குயிக்சோட்டோட வேலையாள் சாஞ்சோ, அவனோட சொந்தக்காரங்க ரெண்டு பேரு ஒரு பீப்பா ஒயின ருசி பாக்குறாங்க. நல்லாருக்கு ஆனா லேசா தோல் வாசனை வருதுங்கிறார் ஒருத்தர், இரும்பு மாதிரி இருக்குங்கிறார் இன்னொருத்தர், சுத்தி நின்னவங்க ரெண்டு பேரையும் ஓட்டுறாங்க. பீப்பா காலியானதும் பாத்தா அடியில ஒரு பழைய சாவி, அதுல தோல் வார் கட்டியிருக்கு. ரசனையில கூர்மைன்னு ஒண்ணு இருக்கு, பழகப் பழக, ஒப்பிட ஒப்பிட அது வளரும்ங்கிறது ஹ்யூம் கட்சி. (எல்லா சண்டைக்கும் அடியில சாவி கிடைக்குமாங்கிற சந்தேகம் எனக்கு உண்டு, அது வேற கதை.)

நேர்ல பாத்தது ஒண்ணு. இக்காரஸ் (மெழுகு இறக்கையோட சூரியன்கிட்ட பறந்து, அது உருகி விழுந்த கிரேக்க கதைப் பையன்) கடல்ல விழுற ஓவியம், ப்ரூகல் வரைஞ்சதா சொல்லுவாங்க, அதோட ப்ரிண்ட்ட மேசையில விரிச்சு பேசிட்டிருந்தோம். ஒரு பையன் "சும்மா கடலும் ஏர் உழுறவனும், செம போர்"னுட்டான். பக்கத்துல இருந்த பொண்ணு வாதமே பண்ணல, வலது பக்கம் கீழ, கப்பலுக்குப் பக்கத்துல தண்ணிய விட்டு வெளிய துருத்திக்கிட்டிருக்கிற ரெண்டு காலை விரலால காட்டுச்சு. அங்க ஒருத்தன் முங்கிட்டிருக்கான், உழுறவன் குனிஞ்ச தலை நிமிரல, மேய்ப்பன் எங்கயோ வானத்த பாத்துட்டு நிக்கிறான். பையன் ரொம்ப நேரம் வாயே திறக்கல. யாரும் அவன தோக்கடிக்கல, படத்த இன்னும் பாக்கவே இல்லைன்னு அவனுக்கே புரிஞ்சு போச்சு. அழகியல்ல காரணம் சொல்றதுன்னா பாதி நேரம் இப்படி பாக்க வைக்கிறதுதான், ஃப்ராங்க் சிப்லி 1959ல இந்த மாதிரி விஷயத்தத்தான் தத்துவமா எழுதினார். "அவங்கவங்க இஷ்டம்"னு ஆரம்பத்துலயே முடிச்சிருந்தா அந்த விரல் நீண்டிருக்கவே நீண்டிருக்காது.

அழகா இருந்தாத்தான் கலை

தொல்காப்பியம் சொல்ற எட்டு மெய்ப்பாட்டுல, அதாவது இலக்கியத்துல வெளிப்படுற உணர்ச்சிகள்ல, அழுகை, இளிவரல் (அருவருப்பு, இழிவு), அச்சம் எல்லாம் இருக்கு. போதுமா?

பற்றில்லாம பாக்கணும்னா மரக்கட்டையா நிக்கணும்

அழக பற்றில்லாம பாக்கணும்னு காண்ட் சொன்னத இப்படி தப்பா புரிஞ்சுக்குறாங்க. இந்த மாளிகை எனக்கு கிடைக்குமா, யாரு காசுல கட்டினதுங்கிற கணக்கெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வெச்சுட்டு பாருன்னுதான் அவர் கேக்குறார். அந்தக் கணக்கு தப்புன்னு அவர் சொல்லல, அழகாங்கிற கேள்வி வேறங்கிறார். உணர்ச்சியே இருக்கக்கூடாதுன்னு எங்க சொன்னார்?

கலை மியூசியத்துல, வாழ்க்கை வெளியில

அமெரிக்க தத்துவவாதி ஜான் டூயி 1934ல இந்த வேலிய பிடுங்கிப் போட்டுட்டார், எரியற விறக கிளறிக்கிட்டே நெருப்ப பாத்து லயிச்சு உக்காந்திருக்கிறவன்கிட்ட இருந்துதான் கலையப் பத்தி யோசிக்கவே ஆரம்பிக்கிறார். ஒடனே "அப்ப எல்லாமே கலைதான்"னு குதிக்க வேணாம். அனுபவம் ஒரு முழுமைக்கு வந்து முடியணும்ங்கிறார், பாதியில சிதறிப் போறது கணக்குல வராது.

முதல் நாளே காண்ட்ட எடுக்கிறது

வேணாம். ஹ்யூம்ல ஆரம்பிங்க, அந்த சாவிக் கதை வர்ற ஒரு கட்டுரைதான்.