எயார் ரைபிள் முன்சைட்டுக்கு ஒரு பித்தளை இன்சர்ட் செய்வோம்

10 மீற்றர் எயார் ரைபிளின் முன்சைட் என்பது, குறிபார்ப்பதற்காகக் குழல் முனையில் பூட்டியிருக்கும் ஒரு சிறு குழாய். டனல் என்போம். அதற்குள் உட்காரும் வட்டத் தகடுதான் இன்சர்ட். தகட்டின் நடுவில் ஒரு வளையம் இருக்கும். இலக்கின் கறுப்பு வட்டம் அந்த வளையத்துக்குள் நாலு பக்கமும் ஒரே அளவு வெள்ளை விட்டு நிற்கும்போது விசையை அழுத்துகிறோம். பழைய ரைபிள்களில் இந்தத் தகடு தொலைந்திருக்கும், இல்லையென்றால் வளைந்திருக்கும். இவ்வளவு சின்னச் சாமானை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கத் தேவையில்லை. பொறுமை இருந்தால் வீட்டு மேசையிலேயே செய்யலாம்.

வேண்டியவை: 0.5 மில்லிமீற்றர் பித்தளைத் தகடு ஒரு துண்டு, 4 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று, நட் இரண்டு, சின்ன ட்றில் பிட்டுகள், வேணியர் இடுக்கிமானி. ஹாட்வெயார் சாமான்களுக்குக் கொழும்பில் குவாரி வீதிப் பக்கம் போங்கள். தட்டார் பாவிக்கும் மெல்லிய வாளையும் ஊசி அரங்களையும் செட்டியார் தெருப் பக்கம் விசாரியுங்கள். வாள் அலகு 2/0 இலக்கம் போதும். ஒன்றிரண்டு உடையும், ஆகவே ஒரு கட்டாகவே வாங்கிவிடுங்கள். பால்மா டின்னை வெட்டிச் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். வெட்டிப் பழகுவதற்கு நல்லது. ஆனால் அது மெல்லிய இரும்புத் தகடு, வெட்டிய விளிம்பு கொழும்பின் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளைக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

ரைபிள் நீங்கள் சுடப் போகும் சங்கத்துடையது என்றால் பொறுப்பாளரிடம் சொல்லி, டனலை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். ரைபிளை வீட்டுக்குக் கொண்டுவர ஒரு காரணமும் இல்லை. கழற்றும் முன் உள்ளே பெலட் (குண்டு) இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

அளவு எடுப்பது

டனலின் உள் விட்டத்தை அளவுங்கள். 18, 22 மில்லிமீற்றர் இரண்டும்தான் அதிகம் காணப்படும். ஆனாலும் கையில் உள்ளதை அளந்தே தொடங்குங்கள். பழைய இன்சர்ட் ஒன்று கிடைத்தால் அதன் தடிப்பையும், ஓரத்தில் காது போல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி உண்டா என்பதையும் பாருங்கள். இங்கே 18 மில்லிமீற்றர், காது இல்லாத சாதாரண வட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்தது நடுத் துளை. அடுத்தவரின் அளவை அப்படியே எடுக்காமல் கணக்குப் போட்டுப் பாருங்கள். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீற்றர், தூரம் 10,000 மில்லிமீற்றர். வெறும் ரைபிளைத் தோளில் வைத்து நிற்கும்போது உங்கள் கண்ணிலிருந்து முன்சைட் வரை எவ்வளவு என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். 900 மில்லிமீற்றர் என்றால், 30.5ஐ 900ஆல் பெருக்கி 10,000ஆல் வகுக்க 2.7 வரும். அதாவது முன்சைட் இருக்கும் இடத்தில் கறுப்பு வட்டம் 2.7 மில்லிமீற்றராகத் தெரியும். துளை 4 மில்லிமீற்றர் என்றால் சுற்றிவர 0.6 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வெள்ளை மிஞ்சும். ஆரம்பத்தில் இந்த இடைவெளி தாராளமாக இருப்பதே நல்லது. துளை இறுக்கமாக இருந்தால் கை ஆடுவதெல்லாம் பூதாகரமாகத் தெரியும், பதற்றத்தில் விசையை வெடுக்கென்று இழுப்பீர்கள்.

துளைப்பது

தகட்டை மார்க்கர் பேனையால் கறுப்பாக்கி, நடுவில் ஆணியால் ஒரு சின்னப் பள்ளம் போடுங்கள். அதிலிருந்து கவராயத்தால் 5.6, 15, 18.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள மூன்று வட்டங்கள் கீறுங்கள்.

வெளி வட்டத்தை வெட்ட இப்போதே கை பரபரக்கும். வேண்டாம். முதலில் துளை. மெல்லிய தகட்டில் ட்றில் பிட் கொளுவி இழுக்கும். துளை முக்கோணமாகிவிடும், தகடு சுழன்று விரலையும் வெட்டும். அதனால் இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே தகட்டை இறுக்கிப் பிடித்துத் துளையுங்கள். பள்ளம் தெரிவதற்கு மேல் பலகையில் முன்கூட்டியே ஒரு துளை இருக்க வேண்டும். முதலில் 1 மில்லிமீற்றர், பிறகு 2.5, 3.5, கடைசியில் 4. துளை வட்டமாக வராவிட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு வேறொன்று எடுங்கள். அரத்தால் திருத்தப் போனால் இன்னும் கோணும்.

வட்டமாக்குவது

18.5 கோட்டுக்கு வெளியே வாளால் வெட்டுங்கள். பிறகு போல்ட்டைத் துளைக்குள் விட்டு, இரண்டு பக்கமும் நட்டால் இறுக்கி, ட்றில்லின் வாயில் பூட்டுங்கள். ட்றில்லை மேசையில் அசையாமல் கட்டி, மெதுவாகச் சுழலவிட்டு, ஓரத்தில் அரத்தை லேசாகப் பிடியுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், பித்தளைப் பொடி பறக்கும். சிறிது தேய்த்ததும் நிறுத்தி டனலில் வைத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் உள்ளே போக வேண்டும், குலுக்கினால் ஆடக் கூடாது.

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். துளை நடுவிலிருந்து கொஞ்சம் விலகியிருந்தால், கண்ணுக்குப் பக்கத்தில் உள்ள பின்சைட்டைத் திருகிச் சரிசெய்யலாம், ஏனென்றால் அந்தப் பிழை ஒவ்வொரு சூட்டிலும் ஒரே அளவுதான். தகடு ஆடினால் எந்தத் திருகும் உதவாது. முன்சைட்டில் 0.1 மில்லிமீற்றர் நகர்ந்தால் இலக்கில் 1 மில்லிமீற்றருக்கு மேல் நகரும். பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டோ வெறும் 0.5 மில்லிமீற்றர்.

ஜன்னல் வெட்டுவது

5.6 வட்டத்துக்கும் 15 வட்டத்துக்கும் இடையில் உள்ளதை எடுத்துவிட வேண்டும். இடமும் வலமும் 1 மில்லிமீற்றர் அகலத்தில் ஒவ்வொரு கை மட்டும் வளையத்தைத் தாங்கட்டும். கைகள் கிடையாக இருந்தால் ரைபிள் சரிகிறதா என்பதும் உடனே தெரியும். மேலும் கீழும் ஒவ்வொரு சிறு துளை போட்டு, வாள் அலகை அதற்குள் விட்டு, பற்கள் கைப்பிடிப் பக்கம் பார்க்கும்படி பூட்டி அறுங்கள். கோட்டுக்குச் சற்று உள்ளே அறுத்து, மிச்சத்தை ஊசி அரத்தால் தேய்த்து எடுப்பதே பத்திரம். வளையத்தில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருந்தால் கண் அங்கேயே போய் நிற்கும்.

பிசிறு எடுத்த பிறகு, துளையின் ஒரு பக்க விளிம்பைப் பெரிய ட்றில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றிச் சரிவாக்குங்கள். அந்தப் பக்கம் இலக்கைப் பார்க்க, கூரான பக்கம் கண்ணைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டின் தடிப்பில் வெளிச்சம் பட்டு மினுங்கும்.

கறுப்பாக்குவது

அசிற்றோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, மினுங்காத கறுப்பு ஸ்பிரே பெயின்ட் இரண்டு மெல்லிய பூச்சு. தடிப்பாக அடித்தால் துளையின் ஓரம் கட்டிபிடிக்கும். அவசரத்துக்கு மெழுகுவர்த்திப் புகையும் சரிதான், ஆனால் விரல் பட்டாலே அழியும்.

டனலில் வைத்து, வாயில் உள்ள வளைய மூடியை இறுக்கிச் சங்கத்துக்குக் கொண்டுபோங்கள். கண் வளையத்தில் கூர்மையாக நிற்கட்டும், கறுப்பு வட்டம் சற்று மங்கினால் பரவாயில்லை. ஐந்து சூடு சுட்டுப் பாருங்கள். ஐந்தும் நெருங்கி விழுந்து, ஆனால் ஒரு பக்கமாக விலகியிருந்தால் பின்சைட்டைத் திருகுங்கள். சிதறி விழுந்தால் உங்களைக் குறை சொல்லும் முன் மூடியைத் திறந்து, தகடு ஆடுகிறதா என்று பாருங்கள்.