ட்ரிபிள் இ சேர்ந்துட்டீங்களா? முதல் ரெண்டு வருஷத்தை இப்படி படிங்க

கவுன்சிலிங்ல ட்ரிபிள் இ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) எடுத்துட்டு இப்போதான் காலேஜ் போக ஆரம்பிச்சிருக்குற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். நானும் அண்ணா யுனிவர்சிட்டிக்கு கீழ வர்ற ஒரு காலேஜ்ல இதே டிபார்ட்மென்ட்ல படிச்சவன்தான், சர்க்யூட் தியரில அரியர் வெச்சு அப்புறம் கிளியர் பண்ணவன், அதனால எந்த இடத்துல வழுக்கும்னு நல்லாவே தெரியும்.

முதல்ல அந்த சர்க்யூட் தியரியையே பேசிருவோம், ஏன்னா மெஷின்ஸ், பவர் சிஸ்டம், பவர் எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் அது மேலதான் நிக்குது. டிரான்ஸ்பார்மரை நோட்டுல வரைஞ்சா அது ஒரு சர்க்யூட், நூறு கிலோமீட்டர் டிரான்ஸ்மிஷன் லைனை வரைஞ்சா அதுவும் ஒரு பை (π வடிவ) சர்க்யூட், அவ்வளவுதான். நான் அரியர் வெச்சதுக்கு காரணம், சால்வ்டு ப்ராப்ளத்தையெல்லாம் கதை படிக்கிற மாதிரி கண்ணாலேயே படிச்சேன், படிக்கும்போது எல்லாம் புரிஞ்ச மாதிரியே இருந்துச்சு, ஹால்ல பேப்பர் கைக்கு வந்ததும் முதல் ஈக்வேஷனே எழுத வரல. ரெண்டாவது தடவை வழியை மாத்தினேன். ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சர்க்யூட்தான், ஆனா ஒவ்வொன்னையும் மெஷ் (லூப் லூப்பா கரண்ட் எழுதுறது) முறைல ஒரு தடவை, நோடல் (ஜங்ஷன் ஜங்ஷனா வோல்டேஜ் எழுதுறது) முறைல ஒரு தடவை, தெவனின்ல ஒரு தடவை போட்டு மூணு ஆன்சரும் ஒன்னா வருதான்னு பார்ப்பேன். ஈக்வேஷனுக்கு முன்னாடி கரண்ட் எந்தப் பக்கம் போகுதுன்னு அம்புக்குறி போட்டுருங்க, தப்பா போட்டாலும் பரவாயில்ல, ஆன்சர் மைனஸ்ல வந்தா எதிர்ப்பக்கம் போகுதுன்னு அர்த்தம். கடைசியா சோர்ஸ் கொடுக்குற பவரும் ரெசிஸ்டர் எல்லாம் சேர்ந்து தின்ற பவரும் சமமான்னு கூட்டிப் பாருங்க, புக் பின்னாடி ஆன்சர் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

தெவனின் எதுக்குன்னு நிறைய பேருக்கு கடைசி வரைக்கும் புரியறதில்ல. வீட்டுல தண்ணி மோட்டார் போட்டதும் லைட்டு ஒரு செகண்ட் டல்லாகுதுல்ல, அதுதான் தெவனின். டிரான்ஸ்பார்மர்ல இருந்து உங்க வீட்டு வரைக்கும் வர்ற எல்லாத்தையும் ஒரே ஒரு வோல்டேஜ் சோர்ஸ், அதோட சீரிஸ்ல ஒரு இம்பிடன்ஸ் (ஏசில கரண்டுக்கு வர்ற மொத்தத் தடை)னு நினைச்சுக்கங்க. 230 வோல்ட் இருந்த இடத்துல மோட்டார் 10 ஆம்பியர் இழுக்கும்போது 220 ஆகுதுன்னா, அந்த இம்பிடன்ஸ் தோராயமா 1 ஓம்.

ஏசி சர்க்யூட் வந்ததும் கால்குலேட்டர்ல காம்ப்ளெக்ஸ் மோடை கத்துக்கிட்டே ஆகணும். பழகுறதுக்கு ஒரு கணக்கு, 10 ஓம் ரெசிஸ்டன்ஸ், சீரிஸ்ல 10 ஓம் இண்டக்டிவ் ரியாக்டன்ஸ் (காயிலால வர்ற தடை), சப்ளை 230 வோல்ட். இம்பிடன்ஸ் 14.14, ஆங்கிள் 45 டிகிரி, கரண்ட் 16.26 ஆம்பியர், வோல்டேஜுக்கு 45 டிகிரி பின்னாடி வரும். ஆன்சரோட நிறுத்தாம ஃபேஸரை (வோல்டேஜ், கரண்டை ஆங்கிளோட காட்டுற அம்புப் படம்) ஸ்கேல் வெச்சு வரைங்க. கைப்பழக்கம் இல்லன்னா சிங்க்ரனஸ் மெஷின் வரும்போது ரொம்ப கஷ்டப்படுவீங்க.

அடுத்து மெஷின்ஸ். புக்கைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு த்ரீ பேஸ் மோட்டாரோட நேம் பிளேட்டைப் போய் படிங்க, காலேஜ் லேப்ல இருக்கும், ஊர்ல கிணத்து மேட்டுலயும் இருக்கும். 5 எச்பி, 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 1440 ஆர்பிஎம்னு போட்டிருக்கும். 50 ஹெர்ட்ஸ்ல 4 போல் மோட்டாருக்கு சிங்க்ரனஸ் ஸ்பீடு, அதாவது உள்ள மேக்னடிக் ஃபீல்டு சுத்துற வேகம், 1500, அப்போ ஸ்லிப், அதாவது மோட்டார் அதுல இருந்து பின்தங்குற அளவு, 4 பர்சென்ட். ஏன் 1500லயே சுத்தலன்னு உங்களையே கேளுங்க. அதே வேகத்துல சுத்துனா ரோட்டாரை (மோட்டாரோட சுத்துற பாகம்) ஃபீல்டு வெட்டவே வெட்டாது, ரோட்டார்ல கரண்ட் வராது, கரண்ட் இல்லாம டார்க் (torque, சுத்த வைக்கிற விசை) எங்க இருந்து வரும்? இது ஒன்னு மண்டைல ஏறிட்டா இண்டக்ஷன் மோட்டார் சாப்டர்ல பாதி முடிஞ்சுது. பக்கத்துல ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் (முதல்ல ஸ்டார் கனெக்ஷன்ல ஸ்டார்ட் பண்ணி அப்புறம் டெல்டாவுக்கு மாத்துறது) இருந்தா அதையும் விட்றாதீங்க, ஸ்டார்ல எடுக்கும்போது லைன் கரண்ட் மூணுல ஒரு பங்காகும், ஆனா ஸ்டார்ட்டிங் டார்க்கும் மூணுல ஒரு பங்காயிரும், ஏன்னு ஒரு பக்கத்துல டிரைவ் பண்ணிப் பாருங்க. வீட்டு சீலிங் ஃபேன் கூட கெப்பாசிட்டர் வெச்ச சிங்கிள் பேஸ் இண்டக்ஷன் மோட்டார்தான், கெப்பாசிட்டர் வீக் ஆனா ஏன் மெதுவா சுத்துதுன்னு யோசிச்சு வைங்க.

மெஷின்ஸ் லேபை மட்டும் தயவு செஞ்சு வேடிக்கை பார்த்துட்டு வராதீங்க. பத்து பேர் பேட்ச்ல ரெண்டு பேர் கனெக்ஷன் கொடுப்பாங்க, மத்தவங்க ரீடிங் காப்பி அடிச்சு ரெக்கார்டு முடிச்சிருவாங்க, அது ரொம்ப பெரிய நஷ்டம். நீங்களே போய் ஒயரை எடுங்க. டிசி ஷன்ட் மோட்டார்னா ஃபீல்டு ரியோஸ்டாட் மினிமம் ரெசிஸ்டன்ஸ்ல இருக்கான்னு பார்த்துட்டுதான் ஸ்விட்சைப் போடணும், லோடு இல்லாம ஓடும்போது ஃபீல்டு கட்டாச்சுன்னா ஸ்பீடு கன்னாபின்னான்னு ஏறும். ஆட்டோ டிரான்ஸ்பார்மர் ஜீரோல இருக்கணும். கரண்ட் ட்ரான்ஸ்பார்மரோட செகண்டரியை சப்ளை இருக்கும்போது ஓப்பன் பண்ணவே கூடாது, அங்க ஆபத்தான வோல்டேஜ் வந்து நிக்கும். கனெக்ஷன் கொடுத்துட்டு ஸ்டாஃப் செக் பண்ணாம சப்ளை போடாதீங்க, நாலாவது வருஷத்துலயும் இதேதான் ரூல்.

லேப் எக்ஸாம்ல வாயால கேள்வி கேக்குற வைவால டிரான்ஸ்பார்மர் டெஸ்ட் அடிக்கடி வரும். ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட்ல ரேட்டட் வோல்டேஜ் கொடுக்குறோம், அதனால வாட்மீட்டர்ல தெரியறது கோர் லாஸ், லோடே இல்லாததால பவர் ஃபேக்டர் ரொம்பக் கம்மி, அதுக்குத்தான் எல்பிஎஃப் (லோ பவர் ஃபேக்டர்) வாட்மீட்டர். ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட்ல கொஞ்ச வோல்டேஜ்லயே ரேட்டட் கரண்ட் வந்துரும், அங்க தெரியறது காப்பர் லாஸ். இப்படிக் காரணத்தோட சொல்றவங்களை எக்ஸ்டர்னல் (வெளி காலேஜ்ல இருந்து வர்ற எக்ஸாமினர்) அதிகம் தோண்டமாட்டாங்க.

செமஸ்டர் பேப்பர் பத்தி சுருக்கமா, பத்து டூ மார்க், அஞ்சு 13 மார்க், ஒரு 15 மார்க், மொத்தம் 100. டூ மார்க்கை பழைய கொஸ்டின்ல இருந்து பார்த்துக்கலாம், 13 மார்க்குக்கு மட்டும் வாட்ச் வெச்சு எழுதிப் பழகுங்க. மேற்படிப்புக்கான கேட் (GATE) எக்ஸாம் எழுதுற ஐடியா இருந்தா மூணாவது வருஷத்துலயே எழுதலாம், 65 கேள்வி, 100 மார்க், 3 மணி நேரம். சிமுலேஷனுக்கு, அதாவது சர்க்யூட்டை கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பார்க்க, எல்டிஸ்பைஸ் சாப்ட்வேர் ஃப்ரீயாவே கிடைக்குது, ஆனா கையால போட்டுட்டு ஆன்சர் சரியான்னு பார்க்கத்தான் அதை யூஸ் பண்ணணும், ஆரம்பத்துலயே அதுக்குள்ள போயிட்டீங்கன்னா கை பழகாது.

ஒரு லீவுல உங்க ஊர்ல மோட்டார் காயில் கட்டுற கடைல போய் ஒரு வாரம் உட்காருங்க. 36 ஸ்லாட், 4 போல்னா ஒரு போலுக்கு ஒரு பேஸுக்கு 3 ஸ்லாட்னு புக்ல இருக்குற கணக்கை அங்க இருக்குற அண்ணன் கையாலயே போட்டுக்கிட்டு இருப்பாரு. எரிஞ்சு போன ஸ்டேட்டர் (காயில் இருக்குற, சுத்தாத பாகம்) வந்தா காட்டச் சொல்லுங்க. ஒரு பேஸ் கட்டாகி எரிஞ்ச மோட்டார்னா, ஸ்டார்ல இருந்தது ரெண்டு பேஸ் காயில் கருகி ஒன்னு மட்டும் நல்லா இருக்கும், டெல்டால இருந்தது பெரும்பாலும் ஒரு பேஸ் மட்டும் கருகியிருக்கும். ஏன் அப்படின்னு கரண்ட் போற வழியை வரைஞ்சு பாருங்க, வரலன்னா அந்த அண்ணன்கிட்டயே கேளுங்க.