பாம்புக்கடி சிகிச்சை: குழாயில் தொடங்கும் தவறுகள்

ஆய்வக வசதி இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் விரியன் விஷம் இரத்தம் உறைவதைக் கெடுத்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாய் போதும். 2 மி.லி. சிரை இரத்தத்தைப் புதிய, ஈரமில்லாத குழாயில் விட்டு, 20 நிமிடம் தொடாமல் வைத்து, ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாம்.

இவ்வளவு எளிய சோதனைதான் அதிகம் சொதப்பப்படுகிறது. உறைதலைத் தூண்டிவிடுவதே கண்ணாடிச் சுவர்தான். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயிலும் அது நடக்காது. விஷம் ஏறாதவருக்கும் ஏறியதாகக் காட்டும். இடையிடையே ஆட்டிப் பார்ப்பதும் முடிவைக் கெடுக்கும். குழாய்மீது சந்தேகம் வந்தால், கூட வந்தவரின் இரத்தத்தையும் அதே வகைக் குழாயில் வைத்து ஒப்பிடுங்கள். இலங்கையில் கண்ணாடி விரியன் கடியை வைத்து நடந்த ஓர் ஆய்வில் இச்சோதனை, உறைதல் கெட்டவர்களில் 100-க்கு 40 பேரைத்தான் பிடித்தது. பிறகு முறைப்படுத்திச் செய்த இன்னோர் ஆய்வில் அது 82 ஆனது. அதனால் முதல் தடவை உறைந்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முதல் 3 மணி நேரம் அரை மணிக்கொரு முறை, பிறகு மணிக்கொரு முறை திரும்பச் செய்து, 24 மணி நேரம் கண்காணிக்க வேண்டும்.

மருந்து கொடுத்த பின் கணக்கு வேறு. கல்லீரல் புதிய உறைகாரணிகளை (இரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை) செய்ய ஏறக்குறைய 6 மணி நேரமாகும். அதற்கு முன்பே சோதித்து, 'இன்னும் உறையலையே' என்று அடுத்த 10 குப்பியை ஏற்றுவது வீண்.

முதலில் ஏற்றும் அளவும் 10 குப்பிதான். அந்த 10 எங்கிருந்து வந்தது? கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. விஷம் இறக்கும், இந்தியக் குப்பி ஒன்று அதில் 6 மி.கி.யை முறிக்கும். பாம்பு ஆள் பார்த்து அளவைக் குறைப்பதில்லை. எனவே குழந்தைக்கு எடைக்கேற்ப அளவைக் குறைப்பது தவறு. பெரியவருக்குள்ள அதே குப்பிகள்தான். ஒரு மணி நேரத்தில் ஏற்றுங்கள். ஒத்துக்கொள்ளுமா என்று பார்க்கத் தோலில் சிறிதளவு 'டெஸ்ட் டோஸ்' போட வேண்டாம், அது ஒவ்வாமையை முன்கூட்டிச் சொல்லாது.

ஒவ்வாமையைத் தடுக்க ஹைட்ரோகார்ட்டிசோனும் ஆன்டிஹிஸ்டமினும் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது பழைய பழக்கம். 2011-இல் வெளியான, 1007 நோயாளிகளைக் கொண்ட இலங்கை ஆய்வில் இரண்டுமே பலன் தரவில்லை. மருந்துக்கு முன் தோலடியில் போட்ட 0.25 மி.கி. அட்ரினலின் மட்டுமே கடும் எதிர்விளைவுகளைக் குறைத்தது. அங்கே பயன்பட்டதும் இந்தியத் தயாரிப்பு மருந்துதான் என்பதால் நமக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

எல்லாம் அப்படிப் பொருந்தாது. கைகாலை முழுக்க அழுத்திக் கட்டும் முறையை 1970-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் விஷ ஆய்வாளர் ஸ்ட்ரூவன் சதர்லேண்ட் அறிமுகப்படுத்தினார். அங்குள்ள பாம்புகள் பெரும்பாலும் கடித்த இடத்துச் சதையை அழிப்பதில்லை. நம் விரியன்கள் அழிக்கும். விஷத்தை ஓரிடத்தில் தேக்கினால் அந்த இடம் அழுகும். இந்திய நெறிமுறை கேட்பது சிம்பு வைத்து அசையாமல் வைப்பதை மட்டுமே. யாராவது இறுக்கிக் கயிறு கட்டிக் கூட்டி வந்தால் சட்டென்று அறுத்துவிடாதீர்கள். சிரையில் ஊசி ஏற்றி, மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு மெல்லத் தளர்த்துங்கள்.

நரம்பைத் தாக்கும் விஷமுள்ள கட்டுவிரியன் கடியில் குழாயைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. இரத்தம் ஒழுங்காக உறையும், கடிவாயில் வீக்கமும் இருக்காது. தரையில் படுத்தவர் விடிகாலையில் வயிற்றுவலியோடு வந்து, இமை தொங்கத் தொடங்கினால் அதுவே போதிய அறிகுறி. நல்ல பாம்புக் கடியில் தசை பலவீனத்தைக் குறைக்க அட்ரோபினோடு கொடுக்கும் நியோஸ்டிக்மின் மருந்து இங்கே பெரும்பாலும் உதவாது, ஏனென்றால் கட்டுவிரியன் விஷம் நரம்பு நுனியையே சிதைத்துவிடுகிறது. 20 குப்பிக்கு மேல் ஏற்றினாலும் அந்த நுனி உடனே திரும்பாது. மூச்சு தளர்ந்தால் ஆம்பு பையை (கையால் அழுத்திச் சுவாசம் கொடுக்கும் பையை) அழுத்தியபடியே வென்டிலேட்டர் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வழியில் கை மாற்ற இன்னோர் ஆளும் வேண்டும்.