வெப்பப் பாய அடர்த்தி: பிடியு கணக்கை வாட் கணக்காக மாற்றுவது எப்படி?

ஒரு சதுர அடிப் பரப்பு வழியாக ஒரு மணி நேரத்தில் எத்தனை பிடியு (BTU, பிரிட்டிஷ் வெப்ப அலகு) வெப்பம் போகிறது என்பது இம்பீரியல் கணக்கு. ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பது மெட்ரிக் கணக்கு. இரண்டும் அளப்பது வெப்பப் பாய அடர்த்தியைத்தான். முதலாவதை 3.15459 ஆல் பெருக்கினால் இரண்டாவது கிடைக்கும். எதிர்த்திசையில் போக 0.316998 ஆல் பெருக்க வேண்டும்.

பெருக்கலைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும். பிழை நுழைவது அதற்கு முன்பே, அலகை வாசிக்கும்போதுதான். அதனால் இந்த 3.15459 எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை கையால் போட்டுப் பார்த்துவிடுங்கள். அலகுக்குள் ஆற்றல், நேரம், பரப்பு என்று மூன்று துண்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனியாக மாற்ற வேண்டும்.

ஆற்றல்: 1 பிடியு = 1055.056 ஜூல்.
நேரம்: 1 மணி = 3600 வினாடி. 1055.056 ÷ 3600 = 0.29307 வாட்.
பரப்பு: 1 அடி = 0.3048 மீட்டர்; 1 சதுர அடி = 0.09290304 சதுர மீட்டர்.
0.29307 ÷ 0.09290304 = 3.1546.

பரப்பு வகுக்கும் இடத்தில் இருப்பதால் விடை பெரிதாகிறது. இங்கே வகுப்பதற்குப் பதில் பெருக்கிவிட்டால் 0.0272 வரும், ஏதோ தவறு என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஆனால் 0.3048ஐ வர்க்கப்படுத்த மறந்து அப்படியே வகுத்தால் வருவது 0.9615. இதுதான் ஆபத்தானது. கிட்டத்தட்ட 1 என்பதால், மாற்றிய எண்ணும் பழைய எண்ணைப் போலவே இருக்கும். யார் கண்ணிலும் உறுத்தாது.

மனக்கணக்குக்கு ஒரு வழி: மூன்றால் பெருக்கி, வந்ததோடு அதில் 5 சதவீதத்தைக் கூட்டுங்கள். 1500 என்றால் 4500, அதோடு 225, மொத்தம் 4725. துல்லிய விடை 4732. சதுர மீட்டருக்கு 4.73 கிலோவாட் என்று எழுதினால் போதும். தேவையற்ற எரிவாயுவை எரித்துவிடும் ஃபிளேர் அமைப்பின் வடிவமைப்புக்கான, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 521 ஆவணத்தில் 1500 பிடியு வரம்புக்குப் பக்கத்தில் இருப்பதும் இதே 4.73தான். இரண்டு இலக்கத் துல்லியத்தில் வந்த எண்ணை மாற்றி, 4731.885 என்று ஏழு இலக்கங்களில் எழுதக் கூடாது. அளவீட்டில் இல்லாத துல்லியத்தை மாற்றம் கொண்டுவராது.

அடுத்து, நேரத் துண்டு. தீ சோதனைகளில் பயன்படும் ஹீட் ஃப்ளக்ஸ் (வெப்பப் பாய அடர்த்தி) சென்சார்களின் அளவுத்திருத்தச் சான்றிதழில் பிடியு பெரும்பாலும் வினாடிக் கணக்கில் இருக்கும். 1 பிடியு, சதுர அடிக்கு, வினாடிக்கு என்றால் சதுர மீட்டருக்கு 11.3565 கிலோவாட். சான்றிதழில் 10 பிடியுவுக்கு 10 மில்லிவோல்ட் என்று இருக்கிறது, மீட்டர் 4 மில்லிவோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முழு அளவு 113.6 கிலோவாட்; அதில் பத்தில் நான்கு பங்கு, 45.4 கிலோவாட். அதே 10ஐ மணிக் கணக்கு என்று வாசித்துவிட்டால் முழு அளவே 31.5 வாட்டாகச் சுருங்கிவிடும். தெளிந்த வானில் நண்பகல் வெயிலே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் தருகிறது. தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்க வேண்டிய சென்சார், வெயிலில் முப்பதில் ஒரு பங்கை அளக்கவா செய்யப்பட்டிருக்கும்? விடை வந்ததும் இப்படி வெயிலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் பல பிழைகளைத் தடுத்துவிடும்.

அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இன்னோர் இடம் 5.678. இதுவும் பிடியு, மணி, சதுர அடி அலகுக்கான எண்தான். ஆனால் வகுக்கும் இடத்தில் கூடுதலாக ஒரு ஃபாரன்ஹீட் பாகை இருக்கும்போது மட்டும். அது வெப்பக் கடத்தல் குணகம், அதாவது யு மதிப்பு: ஒரு பாகை வெப்பநிலை வித்தியாசத்துக்கு எவ்வளவு வெப்பம் கடக்கிறது என்பது. ஒரு செல்சியஸ் பாகை 1.8 ஃபாரன்ஹீட் பாகை என்பதால், 3.15459ஐ 1.8 ஆல் பெருக்கினால் 5.678 வருகிறது. பாய அடர்த்தியில் வெப்பநிலை இல்லவே இல்லை, எனவே 1.8க்கு அங்கே வேலை இல்லை. அட்டவணையிலிருந்து எண்ணை எடுக்கும்போது பாகைக் குறி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தவறான எண்ணை எடுத்தால் விடை 80 சதவீதம் கூடிவிடும்.

மின் ஹீட்டர்களில் வேறு மாதிரி. அங்கே சதுர அங்குலத்துக்கு இத்தனை வாட் என்று தருவார்கள். ஆற்றல் ஏற்கெனவே மெட்ரிக். பரப்பை மட்டும் மாற்றினால் போதும். 1 சதுர அங்குலம் 6.4516 சதுர சென்டிமீட்டர். ஆக 40 வாட் என்பது சதுர சென்டிமீட்டருக்கு 6.2 வாட், சதுர மீட்டருக்கு 62 கிலோவாட். பழைய மெட்ரிக் ஆவணங்களில் வரும் கிலோகலோரி, மணி, சதுர மீட்டர் அலகுக்கு 1.163 ஆல் பெருக்குங்கள்.

பிடியுவுக்கு முன்னால் ஒற்றை எம் (M) இருந்தால் அது பெரும்பாலும் ஆயிரம், ரோமன் எண் வழக்கம். இரட்டை எம் என்றால் பத்து லட்சம். மெட்ரிக் பழக்கத்தில் ஒற்றை எம்மை மெகா என்று வாசித்தால் ஆயிரம் மடங்கு தவறும். சந்தேகம் வந்தால் ஆவணத்தின் அலகுப் பக்கத்தைப் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

பிடியுவிலேயே இன்னொரு வரையறையும் உண்டு: வெப்பவேதியியல் பிடியு, 1054.350 ஜூல். அதன்படி 3.15248 வரும். வித்தியாசம் 0.07 சதவீதம்தான், அளவுத்திருத்த வேலை தவிர மற்ற இடங்களில் பொருட்படுத்த வேண்டாம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் செய்தால் 3.15459ஐ ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் எழுதாமல் தனிக் கட்டத்தில் வைத்து, பக்கத்தில் அலகை முழுதாக எழுதுங்கள். கூடவே, அந்தப் பாய அடர்த்தி எந்தப் பரப்பை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதையும் எழுதுங்கள். 100 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 80 மில்லிமீட்டர் உள்விட்டமும் உள்ள குழாயில், வெளிப்பரப்பில் சதுர மீட்டருக்கு 40 கிலோவாட் என்றால் உள்பரப்பில் 50. அலகைச் சரியாக மாற்றிய பிறகும் இந்த 25 சதவீதம் அப்படியே உள்ளே தங்கியிருக்கும்.