சூடு வைத்த ஈரல் கட்டி திரும்புமா? கணிக்கும் முறை, ஆரம்பநிலையினருக்கு

ஈரல் புற்றுக்கட்டியை அறுத்து எடுத்தால், செல்கள் ரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டனவா என்று நுண்ணோக்கியில் பார்த்துவிடலாம். ரேடியோ அலையோ மைக்ரோவேவோ கொண்டு ஊசி வழியே கருக்கிவிட்டால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. அதனால் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும்தான் நமக்குத் துணை.

படி 1: கேள்வியை இரண்டாக உடையுங்கள். சுட்ட இடத்தின் ஓரத்திலேயே முளைப்பது ஒன்று. ஈரலின் வேறு மூலையில் முளைப்பது இன்னொன்று. புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

படி 2: ஓரத்தை அளந்து பாருங்கள். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த சிடி ஸ்கேன்களை ஒப்பிடுங்கள். கருகிய பகுதி கட்டியைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைந்தது 5 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். 10 இருந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் 8, மறுபக்கம் 2 என்றால் சராசரி போடாதீர்கள். அந்த 2தான் கணக்கு. கட்டியை ஒட்டி 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் அகலமுள்ள ரத்தக் குழாய் இருந்தால் அதையும் குறியுங்கள். ஓடும் ரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடுவதால் அந்தப் பக்கம் செல்கள் தப்பிக்கலாம். கட்டி 3 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலும் ஓரத்தில் முளைக்கும் வாய்ப்பு கூடும்.

படி 3: மிச்ச ஈரலைப் பாருங்கள். கட்டிகளின் எண்ணிக்கை, ஏஎஃப்பி (ஈரல் புற்றில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) அளவு, சிரோசிஸ் (ஈரல் தழும்பேறி இறுகிப்போவது), ஹெபடைடிஸ் வைரஸ் அடங்கியிருக்கிறதா என்பதெல்லாம் இங்கே வரும். அப்புறம் ஆல்பி மதிப்பெண்: ஆல்புமின் (ஈரல் செய்யும் புரதம்), பிலிருபின் (மஞ்சள் காமாலையில் கூடும் நிறமி) இரண்டையும் வைத்து ஈரல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று சொல்வது. பிலிருபினின் (மைக்ரோமோல்/லிட்டர்) 10 அடிமான மடக்கையை (log) 0.66ஆல் பெருக்கி, அதிலிருந்து ஆல்புமின் (கிராம்/லிட்டர்) × 0.085 என்பதைக் கழியுங்கள்.

நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் அலகு வேறு (பிலிருபின் மில்லிகிராம்/டெசிலிட்டர், ஆல்புமின் கிராம்/டெசிலிட்டர்), கவனம்! பிலிருபினை 17.1ஆலும் ஆல்புமினை 10ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். பிலிருபின் 1.2, ஆல்புமின் 3.5 என்றால் 0.87 − 2.98 = −2.11. மதிப்பெண் −2.60 அல்லது அதற்குக் கீழே என்றால் முதல் தரம் (ஈரல் நன்றாக வேலை செய்கிறது), −1.39க்கு மேலே மூன்றாம் தரம் (மோசம்). இவர் இரண்டாம் தரம்.

படி 4: காலத்தைப் பிரியுங்கள். 2 ஆண்டுக்குள் வருவது பெரும்பாலும் பழைய கட்டி சிந்திய விதை. அதற்குப் பின் வருவது பெரும்பாலும் நோயுற்ற ஈரலில் புதிதாக முளைத்தது.

படி 5: எல்லாவற்றையும் காக்ஸ் மாதிரியில் (கட்டி திரும்பும் வேகத்தை எந்தக் காரணி எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்கிடும் புள்ளியியல் முறை) கொடுங்கள். யாருக்கு முதலில் திரும்பும் என்பதை மாதிரி எவ்வளவு சரியாக வரிசைப்படுத்துகிறது என்று சொல்வது சி-குறியீடு; 1 என்றால் முழுக்கச் சரி. அது 0.5 வந்தால் நாணயம் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம். 0.8 வந்தாலும் உடனே துள்ள வேண்டாம். வேறொரு மருத்துவமனையின் ஃபைல்களில் ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கிவிடும். அந்த இறங்கிய எண்ணையே எழுதுங்கள்.