முடக்குவாதத்தோடு மூட்டு மாற்றச் சத்திரசிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழங்காலை மாற்ற வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும் வீட்டில் கதையெல்லாம் ஒப்பரேசன் நாளைப் பற்றியதாகவே இருக்கும். யார் கூட நிற்பது, எந்த வாகனத்தில் போவது, சாப்பாடு யார் கொண்டுவருவது. முடக்குவாதம், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் வருத்தம், உள்ளவருக்கு அந்த ஒரு நாளை விட அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாரங்கள்தான் முக்கியம். தேய்மானத்தால் மூட்டை மாற்றுபவருக்கு வருத்தம் பெரும்பாலும் அந்த மூட்டோடு நிற்கிறது. முடக்குவாதக்காரருக்கு அது கை, கழுத்து என்று பரவிக் கிடக்கிறது. அதை அடக்கும் மருந்தும் உடம்பு முழுக்க வேலை செய்கிறது. பக்கத்து வீட்டு ஐயாவின் முழங்கால் ஒப்பரேசனைப் பார்த்து அதே மாதிரி நடந்துகொள்வதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன.

முதல் தவறு மருந்தில் நடக்கிறது. ‘ஒப்பரேசன் வருது, குளிசை எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் வைத்தியராக இருக்க மாட்டார். முடக்குவாதத்தை அடக்கக் கிழமைக்கு ஒருமுறை எடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தினால் புண் நன்றாக ஆறும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. 2001இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வொன்றில் முடக்குவாதம் உள்ள 388 பேரின் எலும்பு, மூட்டு ஒப்பரேசன்களைப் பார்த்தார்கள். மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்கே கிருமித்தொற்றும் மற்றச் சிக்கல்களும் குறைவாக வந்தன. அமெரிக்க வாதநோய் நிபுணர்களும் மூட்டு மாற்ற நிபுணர்களும் சேர்ந்து 2017இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த வழிகாட்டலும் அதையே சொல்கிறது: மெத்தோட்ரெக்சேட், சல்பாசலசீன், ஹைட்ரொக்சிகுளோரோகுயின், லெஃப்ளூனமைட் ஆகிய முடக்குவாதக் குளிசைகளை வழமைபோல் தொடரலாம். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலோ உடம்பில் கிருமித்தொற்று இருந்தாலோ கதை வேறு. அதை முடிவு செய்வது வைத்தியர்.

தானாக நிறுத்தினால் என்ன நடக்கும்? ஒப்பரேசன் முடிந்து சில நாட்களில் கை மணிக்கட்டும் விரல்களும் வீங்கிவிடலாம். வோக்கரைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாவிட்டால் நடக்க முடியாது, நடக்காவிட்டால் புது முழங்கால் இறுகும். காலில் செய்த வேலையைக் கை கெடுத்துவிடும்.

எதிர்ப்புச் சக்தியின் ஒரு பகுதியைக் குறிவைத்து அடக்கும், ஊசியாக ஏற்றும் உயிரியல் மருந்துகளுக்குக் கணக்கு மாறும். இவற்றை நிறுத்தித்தான் ஒப்பரேசன் செய்வார்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை போடும் அடலிமுமாப் என்றால் அடுத்த ஊசியைத் தவிர்த்து மூன்றாவது கிழமையில், எட்டுக் கிழமைக்கு ஒருமுறை ஏற்றும் இன்ஃப்ளிக்சிமாப் என்றால் ஒன்பதாவது கிழமையில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றும் ரிட்டுக்சிமாப் என்றால் ஏழாவது மாதத்தில் என்று திகதி பார்ப்பார்கள். டோஃபாசிட்டினிப் குளிசையை மூன்று நாட்களுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். ஆகவே ஒப்பரேசன் திகதி கிடைத்தவுடன் கடைசி ஊசி போட்ட திகதியை வாதநோய் வைத்தியரிடமும் ஒப்பரேசன் செய்யும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். அப்புறம், நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க மறப்பதும் ஒரு தவறுதான். புண் காய்ந்து, தையல் எடுத்து, நீர் கசியாமல் இருந்தால் ஏறக்குறைய 14 நாட்களில் தொடங்கலாம்.

பிரட்னிசோலோன் என்ற ஸ்டெரொய்ட் குளிசையை மட்டும் ஒரு நாளும் திடீரென்று விடக்கூடாது. நீண்ட காலம் எடுத்தவரின் உடம்பு, தனக்கு வேண்டிய ஸ்டெரொய்டைத் தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். சத்திரசிகிச்சை நேரத்தில் மருந்தும் இல்லையென்றால் இரத்த அழுத்தம் ஆபத்தாக விழலாம். காலையில் வெறும் வயிறு என்று சொன்னாலும், எந்தக் குளிசையை ஒரு வாய்த் தண்ணீரோடு எடுக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு சின்ன விடயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், இது மிகவும் அவசியம் என்று நினைக்கிறேன். கிளினிக்குக்குப் போகும்போது பலர் கொண்டுபோவது ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் கத்தரித்த குளிசை அட்டைகள், பெயரில் பாதி அட்டையோடு போயிருக்கும். கடதாசிப் பைக்குள் மஞ்சள் குளிசை, மேலே ‘கா 1 இ 1’ என்று மட்டும். அதை வைத்துக்கொண்டு ஒரு வைத்தியர் என்ன தீர்மானிப்பார்? திருகோணமலையில் இருந்துகொண்டு வாதநோய்க் கிளினிக்குக்கு ஓர் ஊர், ஒப்பரேசனுக்கு இன்னோர் ஊர் என்று கண்டிக்கும் கொழும்புக்கும் அலைபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த இரண்டு வைத்தியர்களும் ஒருவரையொருவர் காண்பதே இல்லை. நடுவில் இருப்பது உங்கள் கிளினிக் கொப்பி மட்டும்தான். மருந்தின் பெயர், அளவு, எந்த நாள், கடைசியாக எப்போது என்று ஒரே தாளில் எழுதுங்கள். நாட்டு வைத்தியரின் தூள், கசாயமும் அதில் வரட்டும். பெயர் தெரியாத தூள்களில் ஸ்டெரொய்ட் கலந்திருந்த சம்பவங்கள் உண்டு.

கழுத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது அடுத்தது. பல வருடம் முடக்குவாதம் இருந்தவருக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருக்கும் பிடிப்புத் தளர்ந்திருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, குழாய் போடத் தலையைப் பின்னால் சாய்க்கும்போது முள்ளந்தண்டு நரம்பு நசியும் அபாயம் உண்டு. பிடரியில் நோ, குனியும்போது கைகளில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, விரல் விறைப்பு இருந்தால் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். கழுத்தை முன்னும் பின்னும் வளைத்து எக்ஸ்றே எடுத்துப் பார்ப்பார்கள்.

சொத்தைப் பல், கால்விரல் இடுக்கில் புண், சலம் போகும்போது எரிவு, கட்டுப்படாத சீனி இவற்றைச் சில கிழமைகளுக்கு முன்பே சரிசெய்யுங்கள். கிருமி இரத்தம் வழியாகப் புது மூட்டுக்குப் போய்ச் சேரும். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவரில் அது இன்னும் சுலபம். முழங்காலில் பத்துப் போட்டுத் தோல் வெந்திருந்தால் ஒப்பரேசனே தள்ளிப்போகலாம்.

வீட்டுக்கு வந்தபின் நடக்கும் பெரிய தவறு தலையணை. நோவில் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருந்தால் சுகமாக இருக்கும். அம்மா பாவம் என்று மகள் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிடுவாள். இரவெல்லாம் அப்படியே. சில கிழமைகளில் கால் நேராக நீளாது. ஒப்பரேசனுக்கு முன்பே கால் மடங்கிப்போயிருந்தவருக்கு இது இன்னும் கெடுதி. துவாயைச் சுருட்டிக் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இருக்கக்கூடாது. தொடையை இறுக்கி முழங்காலை மெத்தைக்குள் அழுத்தி, மெல்ல எண்ணி விடச் சொல்லுங்கள். அதற்கு முன் நோக் குளிசையை எடுத்தால் பயிற்சி செய்ய முடியும். விரல்கள் கோணியவருக்குச் சாதாரண வோக்கர் சரிவராது, முன்கையை ஊன்றும் வகையைப் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள்.

நம்மூர் திருகோணமலையில் மூட்டு நோவென்றால் கன்னியா வெந்நீரூற்று ஞாபகம் வரும். ஏழு கிணறுகளிலும் அள்ளிக் குளித்தால் சுகம் என்ற நம்பிக்கை பழையது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் புண் முழுதாக மூடி, வைத்தியர் சரி என்று சொல்லும்வரை கன்னியாவும் வேண்டாம், கடலும் வேண்டாம்.

இடுப்பை மாற்றியவர் ஓட்டோவின் தாழ்ந்த சீட்டில் அப்படியே உட்கார்ந்து கிண்ணியாவுக்கோ நிலாவெளிக்கோ போகக்கூடாது. முழங்கால் இடுப்பை விட உயரும்போது புது மூட்டு நழுவலாம். சீட்டில் தடித்த மெத்தை போட்டு உயர்த்துங்கள். குந்தியிருக்கும் கக்கூசுக்குப் பதில் கொமட் கதிரை வேண்டும், அதை வீடு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். தொழுகையையும் கோயில் வழிபாட்டையும் கதிரையில் இருந்து செய்வதில் குறையில்லை.

சில மாதம் கழித்து, நோ போய், நடை வந்ததும், ‘காலை மாத்தியாச்சு, இனி ஏன் குளிசை?’ என்று வாதநோய்க் கிளினிக்கை விட்டுவிடுபவர்கள் உண்டு. மாற்றியது ஒரு மூட்டை. மற்ற முழங்காலும் விரல்களும் அந்தக் குளிசையை நம்பித்தான் இருக்கின்றன.

புது மூட்டு சூடேறி வீங்கினால், புண்ணிலிருந்து நீர் நிற்காமல் கசிந்தால், ஒப்பரேசன் முடிந்து வருடங்கள் ஆகியிருந்தாலும், கடையில் அன்டிபயோட்டிக் வாங்கி விழுங்காதீர்கள். பிரட்னிசோலோன் எடுப்பவருக்குக் காய்ச்சல் தெரியாமலே கிருமித்தொற்று இருக்கலாம். மருந்தை முதலில் விழுங்கிவிட்டால், மூட்டு நீரை எடுத்துச் சோதிக்கும்போது கிருமி அகப்படாமல் போகலாம். அதோடு கொட்ரைமொக்சசோல் போன்ற சில குளிசைகள் மெத்தோட்ரெக்சேட்டோடு சேர்ந்தால் இரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைக்கும். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய், டிஸ்சார்ஜ் கார்ட்டையும் அந்த ஒரே தாளையும் காட்டுங்கள்.