பழைய செரோக்கில பெரிய டயர் போடுறவங்களுக்கு ஒரு குறிப்பு

1984-ல இருந்து 2001 வரை வந்த சதுர ஜீப் செரோக்கி, எக்ஸ்ஜே-னு சொல்வாங்க, அதுக்கு 31 இஞ்ச் டயர் போடணும்னா வண்டிய 3 இஞ்ச் உயர்த்துற லிஃப்ட் கிட் மட்டும் வச்சிட்டு நிம்மதியா இருந்துடாதீங்க, மேடு பள்ளத்துல சக்கரம் மேல ஏறும்போது ஃபெண்டர்ல, அதாவது சக்கரத்தச் சுத்தி இருக்குற பாடித் தகட்டுல, உரசும். முன்னாடி ஃபெண்டர் போல்ட்ல நிக்குற ஒத்தத் தகடுதான், மார்க் பண்ணி கிரைண்டர்ல வெட்டிடலாம், சுலபம். பின்னாடிதான் கவனம் வேணும், அங்க உள்தகடும் வெளித்தகடும் சேர்த்து வெல்டு பண்ணிருக்கும், அந்த ஓரத்த மொத்தமா வெட்டி எடுத்துட்டா ரெண்டுக்கும் நடுவுல வாய் பொளந்து தண்ணி, சேறு எல்லாம் உள்ள போயி துருப்பிடிச்சிரும். அதனால இஞ்ச்சுக்கு ஒரு வெட்டு போட்டு, சீப்புப் பல்லு மாதிரி வரும் பாருங்க, அத ஒவ்வொண்ணா சுத்தியல்ல தட்டி உள்பக்கம் மடிச்சு விடுங்க. அப்புறம் இடுக்கு தெரியாம சீலர் பூசி, பிரைமர், பெயிண்ட் அடிங்க, இத மட்டும் தள்ளிப் போடாதீங்க ப்ளீஸ்! நாலு கதவு வண்டின்னா பின்கதவோட கீழ் ஓரத்தயும் கொஞ்சம் வெட்ட வேண்டி வரும். தீப்பொறி பறக்கும், உள்ள கார்ப்பெட்ட கழட்டிடுங்க, பெட்ரோல் குழாய் பக்கம் ஈரத்துணி போட்டு மூடுங்க. கடைசியா ஒரு சக்கரத்த கட்டை மேல ஏத்தி, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாத்துட்டு ரோட்டுல எடுங்க.